ஸ்பெயின் கடற்கரையில் வயதான ஆங்கிலேயர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பெயினின் தென்கிழக்குக் கடற்கரையில் டொர்ரெவியேகா என்ற ஊரில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். வயதான ஆங்கிலேயர்களோடு ஆஸ்பத்திரிக்கும் நகராட்சி அலுவலகத்துக்கும் கூடப் போய், இரண்டு பக்கமும் மொழிபெயர்த்துச் சொல்வது என் வேலை. நான் ஊருக்கு வரும்போதெல்லாம் சொந்தக்காரர்கள் இவர்களைப் பற்றி ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். லண்டனில் இருந்துகொண்டு, ஓய்வுக்குப் பிறகு இங்கே வரலாமா என்று யோசிக்கும் தமிழர்களும் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்வியைப் போட்டு, எனக்குத் தெரிந்ததை எழுதியிருக்கிறேன்.

இங்கிலாந்துக்காரங்க எதுக்கு வயசான காலத்துல ஊரை விட்டுட்டு ஸ்பெயினுக்குப் போறாங்க?

முதல் காரணம் வெயில். மூட்டுவலிக்காரர்களுக்கு இங்கிலாந்தின் ஈரக்குளிர் பெரிய தண்டனை. நவம்பரில் அங்கே நாலு மணிக்கு இருட்டிவிடும். இங்கே அதே நவம்பரில் மதியம் அரைக்கைச் சட்டையோடு வெளியே உட்காரலாம். இரண்டாவது காரணம் பணம். அங்கே ஒரு சாதாரண வீட்டை விற்றால் இங்கே வீடு வாங்கிக் கையிலும் மிச்சம் நிற்கும் என்ற காலம் ஒன்று இருந்தது. மூன்றாவது, தூரம் குறைவு. லண்டனிலிருந்து எங்கள் மாகாணத் தலைநகர் அலிகாண்டேவுக்கு விமானத்தில் இரண்டரை மணி நேரம்தான்.

ஸ்பெயினில் பதிவு செய்துகொண்டு வாழும் பிரிட்டிஷ்காரர்கள் சுமார் 2.8 லட்சம் பேர். அலிகாண்டே, மலகா ஆகிய இரண்டு மாகாணங்களில்தான் கூட்டம் அதிகம். எல்லோரும் முதியவர்கள் இல்லை. ஆனால் எங்கள் பக்கம் காலையில் தெருவில் நடந்தால் நரைத்த தலைதான் கண்ணில் படும்.

இந்தப் பழக்கம் எப்போ ஆரம்பிச்சுது?

1950களில், இதே கடற்கரையில் இருக்கும் பெனிடோர்ம் ஒரு மீன்பிடி ஊர். அதன் மேயர் பெத்ரோ சரகோசா, வெளிநாட்டுப் பெண்கள் கடற்கரையில் பிகினி அணியலாம் என்று அனுமதித்தவர். ஃபிராங்கோவின் சர்வாதிகார ஆட்சியில் அது பெரிய காரியம். 1967இல் அலிகாண்டே விமான நிலையம் திறந்தது. அந்த வருடங்களில் பிரிட்டன் அரசு, வெளிநாட்டுப் பயணத்துக்கு ஒருவர் 50 பவுண்டுக்கு மேல் எடுத்துப் போகக்கூடாது என்று கட்டுப்பாடு வைத்திருந்தது. அதனால் விமானம், விடுதி, சாப்பாடு எல்லாவற்றுக்கும் ஊரிலேயே பணம் கட்டிவிட்டு வரும் பேக்கேஜ் சுற்றுலா அவர்களுக்கு மிகவும் தோதாக இருந்தது.

பணத்தை வெளியே கொண்டுபோவதில் இருந்த கட்டுப்பாடுகள் 1979 அக்டோபரில் நீங்கின. 1986இல் ஸ்பெயின் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்தது. அப்புறம் மலிவு விமானங்கள் வந்தன. வீடு வாங்குவது சாதாரணமாகிவிட்டது. ஒன்றை மறக்கக்கூடாது: இன்று இங்கே வாழும் முதியவர்கள் பலர் இளமையில் சுற்றுலாவுக்கு வந்து மயங்கிப் போனவர்கள். ஊர் நினைவு அவர்களுக்கு உண்டு. கூடவே, 1960களின் ஸ்பெயினைப் பற்றிய நினைவும் உண்டு.

நாள் பூரா என்ன பண்ணுவாங்க? போரடிக்காதா?

எங்கள் மாடி வீட்டுப் பெரியவரை வைத்துச் சொல்கிறேன். வயது 84. வட இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பேருந்து ஓட்டியவர். 1968இல் தேனிலவுக்கு பெனிடோர்ம் வந்தார். 2003இல் மனைவியோடு இங்கேயே குடி வந்துவிட்டார். காலை ஏழு மணிக்கு அவர் கெட்டில் கொதிக்கும் சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்கும். தேநீர் குடித்துவிட்டு உப்பு ஏரி வரை நடப்பார். இந்த ஊர் உப்பால் வளர்ந்த ஊர். இரண்டு ஏரிகளில் ஒன்று இளஞ்சிவப்பு நிறம். வெயில் ஏறுவதற்குள் பார்த்தால்தான் அழகு என்பார்.

வெள்ளிக்கிழமை சந்தை. அங்கே ஆரஞ்சுக்காரரிடம் கைஜாடையிலேயே பேரம் நடக்கும். மற்ற நாட்களில் புல்தரையில் பந்து உருட்டும் போல்ஸ் ஆட்டம், யு3ஏ என்கிற முதியோர் கல்விக் குழுவின் நடைப்பயணம் அல்லது வரலாற்று வகுப்பு, தொண்டு நிறுவனத்தின் பழம்பொருள் கடையில் இரண்டு மணி நேர வேலை. மதியம் ஓட்டலில் 'மெனு தெல் தியா', அதாவது ஒரே விலையில் இரண்டு கறி, ரொட்டி, ஒரு கிளாஸ் ஒயின். பிறகு தூக்கம். இந்த மதியத் தூக்கத்தை மட்டும் ஸ்பானியர்களை விட ஒழுங்காகக் கடைப்பிடிப்பவர் அவர்.

போரடிக்கிறதா என்றால், உடம்பில் தெம்பு இருக்கும்வரை இல்லை. கால் தளர்ந்து வீட்டுக்குள் முடங்கியவர்களின் நாள்தான் நீளமானது. என்னை அழைப்பவர்களில் பாதிப் பேருக்கு மொழிபெயர்ப்பு ஒரு சாக்குதான். பேச ஆள் வேண்டும்.

வெயில் நாட்டுல குளிர்ல நடுங்குறாங்களாமே, அது எப்படி?

இங்குள்ள பழைய வீடுகள் கோடைக்காகக் கட்டியவை. ஓட்டுத்தரை, மெல்லிய சுவர், சாதாரணக் கண்ணாடி. இங்கிலாந்து வீடுகளில் எல்லா அறைக்கும் சூடு ஏற்றும் குழாய் உண்டு, இங்கே கிடையாது. ஜனவரியில் வீட்டுக்குள் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, சூடு வேண்டுமென்றால் வெயிலுக்கு வெளியே வருவார்கள். பன்னிரண்டரை கிலோ ஆரஞ்சு நிற கேஸ் சிலிண்டரில் எரியும் அடுப்பை அறைக்கு அறை உருட்டிக்கொண்டு போவது இங்கே சாதாரணக் காட்சி.

முதியோருக்குக் குளிர்காலத்தில் பிரிட்டன் அரசு தரும் எரிபொருள் உதவித்தொகை ஸ்பெயினில் இருப்பவர்களுக்கு 2015இல் நின்றுவிட்டது. இங்கிலாந்தின் தென்மேற்கை விட இங்கே குளிர்காலச் சராசரி வெப்பம் அதிகம் என்பது காரணம். சராசரி சரிதான். ராத்திரி பத்து மணிக்கு ஓட்டுத்தரையில் கால் வைத்தவர்களுக்குத்தான் மிச்சம் தெரியும்.

சாப்பாட்டுக்கு என்ன செய்யறாங்க? அவங்க ஊர் சாமான் கிடைக்குமா?

கிடைக்கும். ஆங்கிலேயர் நடத்தும் கடைகளும் அவர்களுக்கான சூப்பர் மார்க்கெட்டுகளும் கடற்கரை முழுக்க இருக்கின்றன. பேக்கன், பீன்ஸ், மார்மைட், கஸ்டர்டு பவுடர் எல்லாம் உண்டு, விலைதான் கூடுதல். முன்பெல்லாம் ஊரிலிருந்து வரும் பிள்ளைகள் பெட்டி நிறையச் செடார் சீஸும் சாசேஜும் கொண்டுவருவார்கள். 2021 ஜனவரியிலிருந்து பிரிட்டனிலிருந்து இறைச்சியோ பால் பொருளோ ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கையில் எடுத்து வரக்கூடாது. பேரன் கொண்டுவந்த சீஸை விமான நிலையத்தில் எடுத்து வைத்துக்கொண்டதை ஒரு அம்மா என்னிடம் அழாத குறையாகச் சொன்னார்.

ஆனால் உண்மையான குறை தேநீர். யார்க்‌ஷயர் தேயிலை இங்கேயே கிடைக்கிறது. கைக்குள் வராதது தண்ணீரும் பாலும்தான். இங்கே குழாய்த் தண்ணீர் உப்புக் கடினம். ஸ்பானியர்கள் பெரும்பாலும் வாங்குவது அட்டைப்பெட்டியில் மாதக்கணக்கில் கெடாத பால். அதை ஊற்றினால் தேநீரில் காய்ச்சிய வாடை வரும். காபிக்குப் பழகிய நாட்டில் நல்ல டிகிரி காபிக்கு நாக்கு ஏங்குவது எனக்கும் தெரியும், அதனால் இது எனக்கு நன்றாகவே புரிகிறது. பாட்டில் தண்ணீரில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியில் வைக்கும் பசும்பால் தேடி வாங்கி, மாடி வீட்டு அம்மா எனக்குக் கொடுத்த முதல் கோப்பையின் ருசி இன்றும் நினைவிருக்கிறது.

அவங்க ஏங்குறது இப்போ இருக்கிற இங்கிலாந்துக்கா?

இல்லை. இந்தப் பக்கத்தில் நான் சொல்ல விரும்புவதே இதைத்தான். அவர்கள் ஏங்குவது ஒரு இடத்துக்காக மட்டும் இல்லை, ஒரு காலத்துக்காக. எண்பது வயதுக்காரர்களின் சிறுவயது போருக்குப் பிந்தைய பஞ்ச காலம். ரேஷன் புத்தகம் 1954 ஜூலை வரை இருந்தது. மிட்டாய்க்குக்கூட ரேஷன், அது 1953 பிப்ரவரியில்தான் நீங்கியது. அன்று கையில் ஆறு பென்ஸோடு கடைக்கு ஓடியதை மாடி வீட்டுப் பெரியவர் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் வேறொரு மிட்டாயின் பெயர் வரும்.

விடியற்காலையில் வாசலில் பால் பாட்டில் வைத்துவிட்டுப் போகும் மின்வண்டியின் மெல்லிய உறுமல். பாட்டிலின் மெல்லிய அலுமினியத் தாள் மூடியைக் குருவி கொத்தி ஏடு குடித்துவிட்டுப் போவது. பள்ளியில் இலவசமாகத் தந்த சின்ன பாட்டில் பால். துணியில் படியும் நிலக்கரிப் புகை. 1971 பிப்ரவரி வரை ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ், ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். இன்றும் சிலர் விலையை மனதில் அப்படியே மாற்றிப் பார்க்கிறார்கள். இவை எதுவும் இப்போது லீட்ஸுக்கு விமானம் ஏறினால் கிடைக்காது. அவர்களுக்கும் அது தெரியும். ஊருக்குப் போய்விட்டு வந்தால் 'எல்லாம் மாறிவிட்டது' என்று சொல்லும்போது அதில் கோபம் இருக்காது. தேடிப் போன வீடு பூட்டியிருந்தால் வரும் குரல் அது.

ரேடியோ, டிவி எல்லாம் அவங்க ஊருதானா?

பெரும்பாலும். முன்பு வீட்டுக்கு வீடு பெரிய டிஷ் இருந்தது. 2014 பிப்ரவரியில் பிபிசி, ஐடிவி சேனல்கள் பிரிட்டனை மட்டும் குறிவைக்கும் குறுகிய செயற்கைக்கோள் கற்றைக்கு மாறியபோது, இந்தக் கடற்கரையில் பல வீடுகளில் ஒரே நாளில் படம் போய்விட்டது. இப்போது இணையம் வழியாகப் பார்க்கிறார்கள்.

ரேடியோவில் அவர்கள் விடாமல் கேட்பது பிபிசியின் கடல் வானிலை அறிக்கை. படகே இல்லாதவர்களும் கேட்பார்கள். கடற்பகுதிகளின் பெயர்களை வரிசையாக, நிதானமாக வாசிப்பார்கள். தாலாட்டு மாதிரி இருக்கும். அந்த வரிசையில் ஸ்பெயினை ஒட்டிய பகுதி ஒன்றுக்கு ஃபினிஸ்டெர் என்று பெயர் இருந்தது. ஸ்பெயினும் அதே பெயரை வேறொரு பகுதிக்கு வைத்திருந்ததால், 2002இல் அதை ஃபிட்ஸ்ராய் என்று மாற்றினார்கள். பெரியவர் அதை ஒருநாளும் ஒத்துக்கொள்ளவில்லை. ஃபிட்ஸ்ராய் என்று வாசித்ததும் அவர் வாய் 'ஃபினிஸ்டெர்' என்று திருத்தும்.

இத்தனை வருஷம் இருந்தும் ஸ்பானிஷ் பேச மாட்டாங்களாமே?

பலர் பேசுவதில்லை. இதில் நான் அவர்களுக்குப் பரிந்து பேசப் போவதில்லை. மருத்துவர், கடைக்காரர், வழக்கறிஞர் எல்லோரும் ஆங்கிலம் பேசும் குடியிருப்புகளில் இருந்தால் மொழி ஒட்டாது. சான் ஃபுல்கென்சியோ போன்ற ஊர்களில் ஸ்பானியர்களை விட வெளிநாட்டுக்காரர்கள் அதிகம். ஆனால் அறுபது வயதுக்கு மேல் புது மொழி கற்பது சுலபம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். வாரம் இரண்டு வகுப்புக்குப் போய், நோட்டில் வினைச்சொல் எழுதிப் பழகுகிறவர்களும் இருக்கிறார்கள்.

இதில் வேதனையான பக்கம் ஒன்று உண்டு. நன்றாக ஸ்பானிஷ் பேசியவருக்கு மறதி நோய் வந்தால், பல சமயம் பிறகு கற்ற மொழிதான் முதலில் நழுவும். இருபது வருடம் ஸ்பானிய நண்பர்களோடு சீட்டாடிய ஒரு அம்மா, கடைசி இரண்டு வருடம் அவர்களோடு ஒரு வார்த்தை பேச முடியாமல் இருந்தார். அவர்கள் வருவதை நிறுத்தவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

நாம போனா இமிகிரன்ட், அவங்க போனா எக்ஸ்பாட்டா?

நியாயமான கேள்வி. வெளிநாட்டில் தங்கியிருப்பவர் என்று பொருள்படும் எக்ஸ்பாட் என்ற சொல்லில், வேண்டும்போது திரும்பிவிடலாம் என்ற வசதி ஒளிந்திருக்கிறது. இருபது வருடம் ஒரு நாட்டில் வாழ்ந்து, அங்கேயே சாகப் போகிறவர் குடியேறியவர்தான். அவர்களிலேயே பலர் இன்று அப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிரெக்ஸிட்டுக்குப் பிறகு, வெளிநாட்டவர் அட்டைக்காகக் கைரேகை வைக்கப் போலீஸ் நிலைய வரிசையில் நின்றபோது, முன்னால் ஒரு மொராக்கோக்காரரும் பின்னால் ஒரு கொலம்பியக்காரரும் நின்றார்கள். 'நானும் இவர்களும் ஒன்றுதான் என்று இன்றைக்குத்தான் உறைத்தது' என்று பெரியவர் சொன்னார். அந்த வரிசையில் நானும் பலமுறை நின்றவள். அவர் அதைச் சொன்னதில் எனக்கு அவர் மேல் மதிப்பு கூடியது.

பிரெக்ஸிட் வந்ததும் எல்லாரையும் போகச் சொல்லிட்டாங்களா?

இல்லை. 2020 டிசம்பர் 31க்குள் சட்டப்படி குடியிருந்தவர்களின் உரிமைகளை விலகல் ஒப்பந்தம் காத்தது. மேலே சொன்ன வெளிநாட்டவர் அட்டை (டி.ஐ.இ.) அதற்குத்தான். அதற்குப் பிறகு வருபவர்கள் நிலை வேறு. அட்டை இல்லாமல் 180 நாட்களில் 90 நாள் மட்டுமே தங்கலாம். பாதி வருடம் அங்கே, பாதி வருடம் இங்கே என்று இருந்தவர்களுக்கு இது பெரிய அடி. நிரந்தரமாக வர விசா வேண்டும், அதற்கு மாதம் 2,400 யூரோ வருமானம் காட்ட வேண்டும்.

அதிகம் பேசப்படாத கஷ்டம் ஒன்று ஓட்டுநர் உரிமம். காலக்கெடுவுக்குள் மாற்றிக்கொள்ளாதவர்களின் பிரிட்டிஷ் உரிமம் 2022 மே 1 முதல் செல்லாமல் போனது. இரு நாடுகளும் உடன்பட்டு மாற்றித்தரத் தொடங்கியது 2023 மார்ச் 16இல். அந்தப் பத்தரை மாதம், பேருந்தே வராத மலைக் கிராமங்களில் இருந்த முதியவர்கள் ரொட்டிக்கும் மருந்துக்கும் அக்கம்பக்கத்து ஸ்பானியர்களை நம்பி இருந்தார்கள். அக்கம்பக்கம் கைவிடவில்லை.

பென்ஷன் அங்கே வருமா? வருஷா வருஷம் ஏறுமா?

வரும். பிரிட்டன் அரசு ஓய்வூதியம் ஸ்பெயினில் இருப்பவர்களுக்கு வருடாவருடம் உயரும். இது எல்லா நாட்டுக்கும் பொருந்தாது. கனடா, ஆஸ்திரேலியா, இந்தியா போன்ற நாடுகளில் குடியேறினால், குடியேறிய வருடத்துத் தொகையிலேயே உறைந்துவிடும். பிரிட்டனில் உழைத்துவிட்டுச் சென்னையில் ஓய்வெடுக்க நினைக்கும் தமிழர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

உயர்ந்தாலும் ஒரு ஆபத்து உண்டு. பென்ஷன் பவுண்டில், செலவு யூரோவில். 2000களின் தொடக்கத்தில் ஒரு பவுண்டுக்கு 1.60 யூரோவுக்கு மேல்கூடக் கிடைத்தது. 2008 முடிவில் ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று ஆனது. அதே பென்ஷனில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போன மாதிரி.

உடம்புக்கு முடியலைன்னா?

பிரிட்டன் அரசு ஓய்வூதியம் வாங்குகிறவர் எஸ்1 படிவம் பதிவு செய்தால், ஸ்பானிய அரசு மருத்துவம் கிடைக்கும். செலவைப் பிரிட்டன் ஏற்கும். மருத்துவத் தரத்தைப் பற்றி நான் கூடப் போன யாரும் பெரிதாகக் குறை சொன்னதில்லை.

அவர்கள் திணறுவது வேறு இடத்தில். இங்கே ஆஸ்பத்திரியில் நோயாளியோடு குடும்பத்தில் ஒருவர் ராத்திரியும் தங்குவார் என்று எதிர்பார்ப்பார்கள். சோறூட்ட, முகம் துடைக்க, நம் ஊர் மாதிரி. ஆங்கிலேயருக்கு அந்த வழக்கம் இல்லை, பிள்ளைகளும் இங்கே இல்லை. பக்கத்துக் கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்க, இவர் மட்டும் தனியே படுத்திருப்பார். அந்தப் பத்துப் பேரில் ஒரு பாட்டி எப்படியும் இவருக்கும் ஒரு ஆரஞ்சு உரித்துக் கொடுப்பார்.

தம்பதியில ஒருத்தர் போயிட்டா, மத்தவர் ஊருக்குத் திரும்பிடுவாரா?

இதுதான் எல்லோரும் தள்ளிப்போடும் கேள்வி. திரும்பிப் போனால் அங்கே அரசு மருத்துவம் உடனே உண்டு, பிள்ளைகள் பக்கத்தில் இருப்பார்கள். ஆனால் இங்கே வீட்டை விற்ற காசில் அங்கே வீடு வாங்க முடிவதில்லை. முதல் பதிலில் சொன்ன கணக்கு திரும்பும்போது தலைகீழாகிவிடும். இன்னொன்று, உயில். ஸ்பானியச் சட்டப்படி சொத்தில் மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு ஒதுக்கியது. 2015 ஆகஸ்ட் 17 முதல், தன் நாட்டுச் சட்டமே பொருந்தட்டும் என்று உயிலில் எழுதலாம். எழுதாமல் விட்டு, சொந்த வீட்டுக்காகப் பிள்ளைகளிடம் கையெழுத்துக் கேட்டு நின்ற விதவைகளைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து எழுதிவிடுங்கள்.

மாடி வீட்டு அம்மா 2019இல் இறந்தார். மகள் வந்து பெரியவரை லீட்ஸுக்கு அழைத்துப் போனார். நாலு மாதத்தில் திரும்பி வந்துவிட்டார். மகள் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாளாம். வேளைக்கு நல்ல தேநீர் கிடைத்ததாம். ஆனால் தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவரும் இல்லை. இங்கே ஆரஞ்சுக்காரர் கூப்பிடுகிறார்.

இறந்தா எங்கே அடக்கம் பண்ணுவாங்க?

இங்கே எல்லாம் வேகம். இங்கிலாந்தில் இறுதிச்சடங்குக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். ஸ்பெயினில் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். பிள்ளைகள் விமானம் பிடித்து வருவதற்குள் முடிந்த சடங்குகளும் உண்டு. அதனால் குளிரறையில் வைக்கச் சொல்லி முன்பே எழுதி வையுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். பலர் எரியூட்டச் சொல்கிறார்கள். சாம்பல் சிலருடையது ஊருக்குப் போகும், சிலருடையது இங்கே சுவர் மாடத்தில் இருக்கும். அந்த மாடங்கள் வருடக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும்.

மலகாவில் ஆங்கிலேயர் கல்லறை ஒன்று இருக்கிறது. 1831இல் பிரிட்டிஷ் துணைத் தூதர் வில்லியம் மார்க் பெற்றுத்தந்த இடம். அதற்கு முன் கத்தோலிக்கர் அல்லாதவர்களை ராத்திரியில் கடற்கரை மணலில் நின்ற நிலையில் புதைத்தார்களாம், அலை வந்து கிளறிவிடுமாம். அங்குள்ள பழைய சமாதிகளின் மேல் சிப்பிகள் பதித்திருக்கிறார்கள். ஒருமுறை பெரியவரை அங்கே கூட்டிப் போனேன். ஒவ்வொரு பெயரையும் சத்தமாக வாசித்துக்கொண்டே நடந்தார்.

அவர் மனைவியின் சாம்பல் எங்கள் ஊர்க் கல்லறையில், கிழக்குப் பார்த்த சுவரில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை சந்தையிலிருந்து பூ வாங்கிக்கொண்டு நேராக அங்கேதான் போவார். பக்கத்து மாடத்தையும் அப்போதே தன் பெயருக்கு எடுத்து வைத்துவிட்டார்.